விரல் வெளுக்குதா பாஸ்? ஒரு நிமிஷம் நில்லுங்க!

இந்த வாரம் உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க. ஜோசியம் பார்க்க இல்லை. பத்து விரல் நகத்தையும் ஒரு தடவை நல்லா பார்த்துக்குங்க. லேசான ரோஸ் கலர் தெரியுதா? அதுதான் உங்க நார்மல். அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

ஏ.சி. லேப்ல உட்கார்ந்து புரோகிராம் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு மோதிர விரல் மட்டும் நடுக்கணு வரைக்கும் சாக்பீஸ் மாதிரி வெளுத்துப் போகுது. ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் உங்க சொந்த நிறம். கீபோர்டைத் தொட்டா தொட்ட மாதிரியே இல்லை. கொஞ்ச நேரத்துல அதே விரல் நீலம் பாரிக்குது. லேப் முடிஞ்சு வராண்டா வெயில்ல நின்னா குப்புனு செவந்து, ஊசி குத்துற மாதிரி விண்ணு விண்ணுனு தெறிக்குது. அரை மணி நேரத்துல எல்லாம் பழையபடி ஆயிடும். நாமளும் “ஏதோ குளிரு”ன்னு கேன்டீனுக்குக் கிளம்பிடுவோம்.

அந்த ‘ஏதோ’வுக்கு ஒரு பேரு இருக்கு. மாரிஸ் ரேனோங்கிற பிரெஞ்சுக்காரர், இருபதுகள்ல இருந்த காலத்துல, 1862-ல பாரீஸ்ல சமர்ப்பிச்ச டாக்டர் பட்ட ஆய்வே இதைப் பத்தித்தான். அதனால இதுக்கு ‘ரேனோ’ன்னே பேரு. நம்ம ஊரு ஆஸ்பத்திரிகள்ல ‘ரேனாட்ஸ்’னு சொல்வாங்க. (ரெனோ காருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெக்கானிக்கல் பசங்க யாரும் கேட்டுடாதீங்க. நானும் மெக்கானிக்கல்தான்!)

மேட்டர் ரொம்ப சிம்பிள். குளிர் பட்டா எல்லாருக்குமே விரல்ல உள்ள ரத்தக்குழாய் சுருங்கும். உடம்புச் சூட்டை வெளிய விடாம காப்பாத்துற வேலை அது. சிலருக்கு அந்த வால்வு தேவைக்கு மேல இறுகிடுது. ரத்தம் வராததால வெள்ளை. உள்ள மிச்சம் கிடக்கிற ரத்தத்துல ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலம். வால்வு திறந்து ரத்தம் பாஞ்சதும் சிவப்பு. மூணு கலரும் எல்லாருக்கும் வரணும்னு இல்லை, சிலருக்கு வெள்ளையோட நின்னுடும். குளிர் மட்டும் இல்லை, டென்ஷனும் போதும். வைவா ஹாலுக்கு வெளிய நிக்கும்போதே விரல் வெளுக்கிறவங்க உண்டு.

‘நாகர்கோவில்ல குளிரா? போங்க தம்பி’

எந்த டாபிக் எழுதப் போறேன்னு சொன்னதும் எனக்குக் கிடைச்ச முதல் ரியாக்‌ஷன் இதுதான். கரெக்ட். நம்ம மாவட்டத்துல மார்கழி விடியக்காலையில கூட ஒரு துண்டு போர்த்தினா போதும். ஆனா சிக்கலே அங்கதான் இருக்கு. குளிர் நாட்டுக்காரனுக்கு வருஷத்துல பாதி நாள் விரல் வெளுத்துக் காட்டும், அவன் சீக்கிரம் டாக்டர்கிட்ட போயிடுவான். நமக்கு வெக்கை அதை மூடி வெச்சிடும். வெளிய தெரியறது சில இடங்கள்ல மட்டும்தான்: ஏ.சி. லேப், மழையில நனைஞ்சுக்கிட்டே பைக் ஓட்டுறப்ப, திற்பரப்பு அருவியில ரொம்ப நேரம் ஆட்டம் போட்டப்ப, ஊட்டி டூர்ல, குளச்சல், முட்டம் பக்கம் ஐஸ்ல கைவிட்டு மீன் பிரிக்கிற அக்காமார் கையில. வருஷத்துல நாலு தடவை தெரியறதை யாரு சீரியஸா எடுப்பா?

எங்க பேட்ச்ல ஒருத்தி. பேரு போடாம எழுதுன்னு அவளே சொன்னா. முதல் செமஸ்டர்ல இருந்தே லேப்ல துப்பட்டாவுக்குள்ள கையை மறைச்சுக்குவா. ரெக்கார்டு நோட்டு கேட்டா இடது கையால நீட்டுவா. திமிருன்னு பசங்க பேசினாங்க. விஷயம் என்னன்னா, பிளஸ் டூ படிக்கும்போதே விரல் வெளுக்கிறதைப் பார்த்து அவங்க அம்மா அழுதிருக்காங்க. “வெள்ளை விழுதுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்னை யாரு மோளே கெட்டுவா?” வெண்குஷ்டமா, தொழுநோயான்னு வீட்டுக்குள்ளயே குசுகுசுன்னு பேசி, ஒரு டாக்டரையும் பார்க்காம ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்காங்க.

இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. வெண்புள்ளி வந்தா அந்த வெள்ளை அங்கயே இருக்கும், அரை மணி நேரத்துல போகாது. (அது தொத்தவும் தொத்தாது. ‘குஷ்டம்’னு பேரு வெச்சதே அநியாயம்.) தொழுநோய்ல வர்ற தேமலும் அப்படித்தான், வந்து வந்து போகாது. அந்த இடத்துல தொடு உணர்ச்சி குறைஞ்சே இருக்கும். அதுக்கும் அரசு ஆஸ்பத்திரியில இலவசமா மருந்து இருக்கு, முழுசா குணமாகும். ரேனோ வரும், போகும். வந்து போற நேரம் தவிர மத்த நேரமெல்லாம் விரல் சாதாரணமா இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சிருந்தா அந்த வீட்டுல ரெண்டு வருஷ அழுகை மிச்சமாகியிருக்கும்.

போன வருஷம் அவ டாக்டரைப் பார்த்தா. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். “குளிராம பாத்துக்கம்மா, வேற ஒண்ணும் இல்லை, ஆனா வருஷத்துக்கு ஒருக்க வந்து காட்டிட்டுப் போ”ன்னு அனுப்பிட்டார். இப்ப லேப்புக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வர்றா. பசங்க கிண்டல் பண்றாங்க. அவ கண்டுக்கிறதே இல்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்துல போடுற கை எல்லாம் வெள்ளைக்காரன் கை. நம்ம கறுப்பு, மாநிறக் கையில புறங்கையைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உள்ளங்கைப் பக்கம் விரல் நுனியைப் பாருங்க, நகத்துக்கு அடியில பாருங்க. முதல்ல பார்த்து வெச்ச ரோஸ் கலர் காணாமப் போயிருந்தா அங்கதான் தெரியும்.

வெறும் கை சில்லிடுறது வேற. அது கை முழுக்க இருக்கும், கோடு போட்ட மாதிரி எல்லை இருக்காது. மொபைலைப் புடிச்சு, முழங்கையை மடக்கிப் படுத்து, சுண்டுவிரல் மரத்துப் போறதும் வேற. அது நரம்பு அழுத்துற பிரச்னை, கலர் மாறாது. ராத்திரி தூக்கத்துல கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மதமதன்னு ஆகி கையை உதறணும்போல இருந்தா, அது மணிக்கட்டுல நரம்பு இறுகுறதா இருக்கலாம்.

முக்கியமான ஒரு டெக்னிக்: போட்டோ எடுங்க! நீங்க பஸ் ஏறி, ஓபி சீட்டு வாங்கி, வரிசையில நின்னு டாக்டர் முன்னாடி உட்காரும்போது உங்க கை தங்கமா இருக்கும். வெளுத்திருக்கும்போதே ஒரு போட்டோ, நீலமானதும் ஒண்ணு, செவந்ததும் ஒண்ணு. எந்த விரல், எத்தனை நிமிஷம், என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு ஒரு வரி எழுதி வெச்சுக்குங்க. செல்ஃபிக்குச் செலவழிக்கிற மெமரியில இதுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம், தப்பில்லை.

பொதுவா 100 பேர்ல 3-ல இருந்து 5 பேர் வரைக்கும் ரேனோ இருக்கலாம்னு சொல்றாங்க, குளிர் நாடுகள்ல இன்னும் அதிகம். பெண்களுக்குத்தான் ஜாஸ்தி. 15-ல இருந்து 30 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, ரெண்டு கையிலயும் வந்து, புண் எதுவும் இல்லாம இருந்தா பெரும்பாலும் அது தனி ஆள், பின்னால வேற வியாதி இல்லை. பயமே வேண்டாம்.

பயப்பட வேண்டிய ஆள் வேற. 30, 35-க்கு மேல புதுசா ஆரம்பிக்கிறது. (உங்க அம்மா, சித்தி கையைப் பாருங்க!) ஒரே கையில மட்டும் வர்றது. கட்டைவிரலும் சேர்ந்து வெளுக்கிறது. விரல் நுனியில ஆறாத புண், குழி. விரல் வீங்கி மோதிரம் கழட்ட முடியாமப் போய், தோல் இறுகிப் பளபளன்னு ஆகிறது. கூடவே மூட்டு வலி, கன்னத்துல செவப்பா தடிப்பு, சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சுல நிக்கிறது, மூச்சு வாங்கிறது. இதுல ஏதாவது இருந்தா, தோலை இறுக வைக்கிற ஸ்கிளீரோடெர்மா, லூபஸ் மாதிரி நோய்களுக்கு விரல் முன்கூட்டியே சிக்னல் கொடுக்குதோன்னு டாக்டர் பார்க்கணும். ஏ.என்.ஏ.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. நக ஓரத்துல உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்க்கிற சோதனையும் உண்டு. சில பேருக்கு விரல் வெளுக்க ஆரம்பிச்சு பல வருஷம் கழிச்சுத்தான் மத்த தொந்தரவு தலைகாட்டும். ‘வருஷத்துக்கு ஒருக்க வா’ன்னு சொல்றது அதனாலதான். கன்சல்டிங் ஃபீஸுக்காக இல்லை.

அப்புறம் ஹாஸ்டல் ரூம் மருந்து டப்பா. மேடை பயத்துக்குன்னு சீனியர் கொடுக்கிற புரோப்ரனலால், ஒத்தைத் தலைவலிக்குப் போடுற எர்கோட்டமின் கலந்த மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரையில இருக்கிற சூடோஎஃபிட்ரின், ஃபினைல்எஃப்ரின். இதெல்லாம் விரலுக்குப் போற ரத்தத்தை இன்னும் குறைக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததா இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, அவர்கிட்டயே சொல்லுங்க. சீனியர் கொடுத்ததா இருந்தா சீனியருக்கே திருப்பிக் கொடுங்க.

மயிலாடியில ஒரு மத்தியானம்

இனி சொல்லப்போறது உங்களுக்காக இல்லை, உங்க வீட்டுல மெஷின் புடிச்சு சம்பாதிக்கிறவங்களுக்காக.

மயிலாடி தெரியும்தானே? நாகர்கோவில்ல இருந்து பக்கத்துலதான். கல்லுல சாமி செய்ற ஊரு, புவிசார் குறியீடு வாங்கின சிற்பங்கள். ரோட்டோரத்துல பிள்ளையாரும் அம்மனும் பாதி உருவத்துல நிக்கும். முன்னாடி உளிச் சத்தம் மட்டும்தான். இப்ப கூடவே கிரைண்டர் சத்தம். ஃப்ரெண்டோட அப்பா ஒருத்தர் அங்க வேலை செய்றார். எனக்கு மாமா முறை. கையைக் காட்டச் சொன்னேன்.

“சுத்தியலும் உளியும் புடிச்ச காலத்துல கை காய்ச்சுப் போவும் மக்கா, அம்புட்டுதான். இப்பம் மெஷின் புடிச்சுட்டு ராத்திரி படுத்தா விரலுல எறும்பு ஊருதது கணக்கா இருக்கு. காலையில சட்டைப் பித்தான் போட முடியல்ல கேட்டியா.”

“வெளுக்குமா மாமா?”

“இந்த வெயில்லயா? ஏம்லே...” சிரிச்சார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, “மலைக்குப் போனப்பம் பம்பையில முங்கி எழும்பினதும் இந்த ரெண்டு விரலும் செத்துப் போன மாதிரி வெள்ளையா கெடந்துச்சு. சாமி சோதிக்காருன்னு நெனச்சேன்.”

1918-ல அமெரிக்காவுல இண்டியானா மாகாணத்துல பெட்ஃபோர்டுன்னு ஒரு ஊரு. மயிலாடி மாதிரியே கல்லுல பொழைக்கிற ஊரு. பின்னாளில் எம்பயர் ஸ்டேட் பில்டிங்குக்குப் போனது அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லுதான். காத்து அழுத்தத்துல ஓடுற சுத்தியல் வந்ததும் அங்க உள்ள கல்தச்சர்களுக்கு விரல் வெளுக்க ஆரம்பிச்சது. ஆலிஸ் ஹாமில்டன்னு ஒரு டாக்டரம்மா குளிர்காலத்துல நேர்ல போய் அவங்க கையைப் பார்த்தாங்க. அந்தச் சுத்தியல் புடிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருந்தது. அதுலயும் உளியைப் புடிக்கிற இடது கையிலதான் அதிகம். அதிர்வுதான் காரணம்னு எழுதிக் கொடுத்தாங்க. அடுத்த வருஷமே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோட முதல் பெண் பேராசிரியரா போனவங்க இவங்க. பிரிட்டன் இதைத் தொழில் நோயா ஏத்துக்கிட்டது 1985-ல. கல்தச்சர் சொன்னதை அரசாங்கம் காதுல வாங்க எவ்வளவு வருஷம் ஆகுது பாருங்க!

மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் மாதிரி வெக்கை நாடுகள்ல அதிர்வுக் கருவி புடிக்கிற தொழிலாளிகளை ஆராய்ஞ்சவங்க ஒண்ணைக் கவனிச்சாங்க: அங்க விரல் வெளுக்கிறது அபூர்வம். ஆனா மரத்துப் போறது, எறும்பு ஊர்றது, பிடி தளர்றது எல்லாம் இருக்கு. நரம்பு கெடறதுக்குக் குளிர் தேவையில்லை. அதனால ‘வெளுக்கலையே, ஒண்ணும் இல்லை’ன்னு நம்ம ஊருல சொல்ல முடியாது. பித்தான் போட முடியலைங்கிறதுதான் இங்க அறிகுறி.

கொஞ்சம் கணக்கு போடுவோமா? பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவு இல்லை. ஐரோப்பாவுல 2002-ல போட்ட விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கையில ஏறுற அதிர்வு சராசரியா 2.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயரைத் தொட்டா முதலாளி நடவடிக்கை எடுக்கணும். 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு ரெண்டு மடங்கானா, புடிக்கலாம்ங்கிற நேரம் பாதியாகாது, கால்வாசியாகும். ஒரு ஆங்கிள் கிரைண்டர் 7 கொடுக்குதுன்னு வைங்க: ஒரு மணி நேரத்துல முதல் கோடு, நாலு மணி நேரத்துல ரெண்டாவது கோடு. ரோடு உடைக்கிற பிரேக்கர் 12 கொடுத்தா 21 நிமிஷத்துல முதல் கோடு, 1 மணி 23 நிமிஷத்துல ரெண்டாவது. மாமா ஒரு நாளைக்குக் கிரைண்டர் புடிக்கிறது ஆறு மணி நேரம்.

“போன்ல வைப்ரேஷன் ஆப் போட்டு அளந்துடலாம் மச்சி”ன்னு ஒரு அறிவாளி கிளம்புவான். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுத்து. அதாவது விநாடிக்கு 180-க்கு மேல. நிறைய போன்கள்ல சென்சார் விநாடிக்கு 100, 200 தடவைதான் சாம்பிள் எடுக்கும். நைக்விஸ்ட் தாத்தாவைக் கேளுங்க, அந்த ரீடிங் குப்பைன்னு சொல்வார். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுற மெக்கானிக்கல், இ.சி.இ. கூட்டணி ஒழுங்கான ஆக்சலரோமீட்டர் ஒண்ணை எடுத்துக்கிட்டு மயிலாடிக்குப் போகலாம். லைன் ஃபாலோயர் ரோபோ எத்தனை வருஷம்தான் செய்வீங்க?

அதுவரைக்கும் வீட்டுல சொல்ல வேண்டியது: தேஞ்ச டிஸ்க், மழுங்கின உளியை மாத்துங்க, அதிர்வு குறையும். மெஷினை நெரிச்சுப் பிடிக்காதீங்க. ஒரே மூச்சுல புடிக்காம இடையில கைவேலைக்கு மாறுங்க. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மரம் வெட்டுற செயின்சாவுக்கும் இதே கணக்குதான். ஆரம்பத்துலயே கவனிச்சா விரல் வெளுக்கிறது குறைய வாய்ப்பு இருக்கு. மரத்துப் போனது திரும்புறது கஷ்டம்.

பசங்களுக்குத் தனியா ஒரு விஷயம். 1908-ல நியூயார்க்ல லியோ பர்கர்ங்கிற டாக்டர் விவரிச்ச ஒரு நோய் இருக்கு. கை கால்ல உள்ள ரத்தக்குழாய்கள் வீங்கி அடைச்சு, விரல் நுனி கறுத்து, கடைசியில வெட்டி எடுக்கிற வரைக்கும் போகும். வர்றது பெரும்பாலும் 45 வயசுக்குள்ள உள்ள, புகை பிடிக்கிற ஆண்களுக்கு. நம்ம நாட்டுல பீடி பிடிக்கிறவங்ககிட்ட நிறைய பார்த்திருக்காங்க. நடந்தா கெண்டைக்கால், பாதம் வலிக்கும், நின்னா சரியாகும். புகையை அடியோட விட்டா நோய் நிக்கும். ‘ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு’ங்கிற டீல் எல்லாம் இதுகிட்ட செல்லாது.

சரி, இப்ப விரல் வெளுத்துடுச்சு. என்ன பண்றது? முதல்ல குளிர்ல இருந்து வெளிய வாங்க. கையை அக்குளுக்குள்ள வைங்க, இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணியில முக்குங்க. கொதிக்கிற தண்ணி கூடாது, மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துடும். பவுலிங் போடுற மாதிரி கையை வட்டமாச் சுழட்டினாலும் ரத்தம் இறங்கும். லேப்புக்குக் கிளவுஸ் மட்டும் போதாது, உடம்பு சில்லிட்டாலே விரல் மூடிக்கும், அதனால ஸ்வெட்டர் முக்கியம். 2020 ஜனவரி 1-ல இருந்து நம்ம நாட்டுல ஸ்டார் ரேட்டிங்கோட வர்ற ரூம் ஏ.சி.க்கு டீஃபால்ட் செட்டிங்கே 24 டிகிரிதான். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் 18-ல வெச்சா இதைச் சொல்லிப் பாருங்க. இதுக்கும் அடங்கலைன்னா ரத்தக்குழாயைத் தளர்த்துற மாத்திரைகள் இருக்கு, டாக்டர்தான் முடிவு பண்ணணும். சூடு பண்ணியும் ஒரு மணி நேரமா நிறம் திரும்பலை, வலி தாங்க முடியலை, நுனி கறுக்குதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

மாமாவை அடுத்த வாரம் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா ஃப்ரெண்டு சொல்லியிருக்கான். கூட்டத்துல டாக்டருக்கு எல்லாத்தையும் கேட்க நேரம் இருக்காது. அதனால ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கேன்: எத்தனை வருஷமா மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த விரல், பம்பையில என்ன நடந்தது, பித்தான் போட எவ்வளவு நேரம் ஆகுது. பீடி உண்டான்னும் ஒரு வரி சேர்த்தேன். அதை மட்டும் அடிச்சுட்டுத் தரச் சொல்லி மாமா மல்லுக்கு நிக்கிறார்.